நாட்டுக்கோழி கணக்குதான் இதுவும்... காட்டு வான்கோழியைப் புகையில் வேகவைப்பது எப்படி?

அமெரிக்காவில் இருக்கும் கல்லூரி நண்பன் ஒருவன், பக்கத்து வீட்டுக்காரர் வேட்டையாடிக் கொடுத்த காட்டு வான்கோழியை முழுசாக ஓவனில் வைத்திருக்கிறான். ``நெஞ்சுக்கறி மரத்தூள், கால் செருப்புத்தோல்டா'' என்று வாட்ஸ்அப்பில் ஒரே புலம்பல். தப்பு பறவை மேல் இல்லை. பிராய்லர் கணக்கில் நாட்டுக்கோழியைச் சமைத்தால் என்ன ஆகுமோ, அதுதான் ஆகியிருக்கிறது.

நவம்பர் மாத நான்காவது வியாழக்கிழமை, `தேங்க்ஸ்கிவிங்' விருந்தில் பெரும்பாலான அமெரிக்கர்கள் சாப்பிடுவது பண்ணை வான்கோழி. நெஞ்சுக்கறிக்காகவே கொழுக்க வளர்க்கப்படும் அதனால் பறக்கக்கூட முடியாது. காட்டு வான்கோழியோ பகலெல்லாம் இரை தேடி நடக்கும், ராத்திரி மரத்தில் போய் அடையும், துரத்தினால் பறந்தே போய்விடும். அதனால் உடம்பில் கொழுப்பு குறைவு. கால் நரம்புகள் கம்பி மாதிரி இருக்கும். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழிவின் விளிம்புக்குப் போன இந்த இனம், மீட்பு முயற்சிகளால் இன்று அலாஸ்கா தவிர எல்லா மாநிலங்களிலும் இருக்கிறது. உரிமம் வாங்கி, அதற்கான சீசனில் மட்டும்தான் வேட்டையாடலாம்.

சரி, சமையலுக்கு வருவோம். முதல் வேலை, கறியை விரலால் தடவிப் பார்ப்பது. துப்பாக்கிக் குண்டின் சின்னச்சின்ன ஈய உருண்டைகள் உள்ளே இருக்கலாம். குண்டு பாய்ந்த இடத்தைச் சுற்றிக் கொஞ்சம் தாராளமாகவே வெட்டி எறிந்துவிடுவது நல்லது. அப்புறம் நெஞ்சையும் கால்களையும் தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள். முழுப் பறவையாக வைத்தால் போட்டோவுக்கு அழகுதான். ஆனால், கால் வேகும்போது நெஞ்சு காய்ந்துபோகும்.

அடுத்து உப்புக் குளியல். 4 லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 250 கிராம் உப்பு, அரை கப் நாட்டுச்சர்க்கரை. கறியை அதில் மூழ்கவிட்டு 12 மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். உப்பு, தசையிலுள்ள புரதத்தை இளக்கி, சூட்டிலும் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ள உதவும். கொழுப்பே இல்லாத கறிக்கு இதுதான் உயிர். பிறகு ஈரத்தைத் துடைத்து, மூடாமல் மறுபடி சில மணி நேரம் ஃப்ரிட்ஜில் உலரவிடுங்கள். மேற்பரப்பு காய்ந்து லேசாகப் பிசுபிசுத்தால்தான் புகை நன்றாக ஒட்டும்.

ஸ்மோக்கர் இல்லையா? மூடியுள்ள கிரில் அடுப்பே போதும். ஒரு பக்கம் கரி, மறுபக்கம் கறி. கரி மேல் ஆப்பிள், செர்ரி அல்லது ஹிக்கரி மரத்துண்டு இரண்டு. பைன் மரம் வேண்டவே வேண்டாம், அதன் பிசின் கசக்கும். புகை மெல்லிசாக, லேசான நீலத்தில் வரணும். குபுகுபுவென்று வெள்ளையாக வந்தால் காற்று போகும் வழியைத் திறந்துவிடுங்கள். இல்லாவிட்டால் கறியும் கசக்கும். உள்சூடு 110 முதல் 120 டிகிரி செல்சியஸ் வரை இருக்கட்டும்.

`எத்தனை மணி நேரம்?' என்பதுதான் எல்லாரும் கேட்கிற கேள்வி. கடிகாரத்தை நம்பாதீங்க, தெர்மாமீட்டரை நம்புங்க. 4 முதல் 60 டிகிரி வரை கிருமிகளுக்குக் கொண்டாட்டம். அடுப்பு சூடாகும் முன்னாடியே கறியை வைத்துவிட்டு, அரைகுறைச் சூட்டில் கிடக்கவிட்டால் வயிறு பதம் பார்த்துவிடும். நெஞ்சின் தடித்த பகுதி 74 டிகிரியைத் தொட்டதும் எடுத்து, 20 நிமிடம் மூடிவைத்துவிட்டு வெட்டுங்கள். ஓரத்தில் இளஞ்சிவப்பு தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது புகை தருகிற நிறம். வெந்ததா என்று நிறத்தை வைத்து முடிவு செய்யவும் கூடாது.

கால்களுக்கு 74 போதாது. இரண்டு மணி நேரம் புகை காட்டிவிட்டு, கொஞ்சம் சூப் தண்ணீரோடு பாத்திரத்தில் போட்டு மூடி, எலும்பிலிருந்து கறி தானாகக் கழன்று வரும்வரை மெதுவாக வேகவிடணும்.

நம்ம ஊரில் காட்டுப் பறவை வேட்டை, 1972-ம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆசைப்படுகிறவர்கள் பண்ணை வான்கோழியில் இதைச் செய்து பார்க்கலாம். அதில் கொழுப்பு கொஞ்சம் கூடுதல் என்பதால் சின்னத் தவறுகளை மன்னித்துவிடும். நண்பன் அடுத்த பறவைக்காகக் காத்திருக்கிறான், தெர்மாமீட்டர் வாங்கிவிட்டானாம்.