போன் உங்களுடையது, சாவி யாரிடம்? ரூட் செய்வதில் என்ன லாபம், என்ன ஆபத்து?

2015 ஆகஸ்ட்டில் இந்தியாவில் தயாரான தன் முதல் போனை ஷாவ்மி அறிமுகப்படுத்தியது. பெயர் ரெட்மி 2 பிரைம், விலை 6,999 ரூபாய். உருவான இடம், தடா அருகே ஸ்ரீசிட்டியில் உள்ள ஃபாக்ஸ்கான் ஆலை. அன்றைய சித்தூர் மாவட்டத்தின் மேற்கு மூலையில் சாந்திபுரம் என்றால், கிழக்கு மூலையில் ஸ்ரீசிட்டி. இன்று அது திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது.

முழு விலை கொடுத்து ஒரு போன் வாங்குகிறீர்கள். ஆனால் கம்பெனியே போட்டுக் கொடுத்த சில ஆப்களை உங்களால் நீக்க முடிவதில்லை. ஏன்? போனின் உச்சபட்ச அதிகாரம் உங்கள் கைக்கு வருவதே இல்லை. அதை நாமே எடுத்துக்கொள்வதுதான் 'ரூட்' செய்வது.

ரூட் என்றால் என்ன?

உங்கள் போனை ஒரு காம்பவுண்டு வீடாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஆப்பும் ஒரு குடித்தனம். ஆண்ட்ராய்டு ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண் கொடுத்து, தனி போர்ஷனில் பூட்டி வைக்கிறது. வாட்ஸ்அப் வீட்டுக்குள் ஒரு கேம் ஆப் எட்டிப் பார்க்க முடியாது. எல்லா போர்ஷனையும் திறக்கும் மாஸ்டர் சாவி ஒன்று உண்டு. அந்தச் சாவிக்காரரின் எண் 0. அவர்தான் ரூட்.

என்ன லாபம்?

வேண்டாத ஆப்களை அடியோடு நீக்கலாம். எல்லா ஆப்களின் விளம்பரங்களையும் ஒரே இடத்தில் தடுக்கலாம். ஆப்களின் உள் தரவு உட்பட முழு பேக்அப் எடுக்கலாம். ப்ராசஸரின் வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம்.

கம்பெனி அப்டேட்டை நிறுத்திவிட்ட பழைய போனில் லினேஜ் ஓஎஸ் போன்ற மாற்று இயங்குதளத்தைப் போட்டு உயிர் கொடுக்கலாம் என்றும் சொல்வார்கள். இங்கேதான் பலருக்குக் குழப்பம். மாற்று இயங்குதளத்துக்கு ரூட் தேவையில்லை. பூட்லோடர் என்ற முதல் பூட்டைத் திறந்தால் போதும். ரூட் அதற்கு அடுத்த படி.

பூட்லோடரைத் திறக்கும்போதே போனில் உள்ள தரவு முழுவதும் அழிந்துவிடும். ஷாவ்மி இதற்கு அனுமதி கேட்க வைக்கிறது. பல மாடல்களில் 168 மணி நேரம் காத்திருக்க வேண்டும். சாம்சங் போன்களில் நாக்ஸ் பாதுகாப்பு நிரந்தரமாக முறிந்துவிடும். பிறகு பழைய மென்பொருளையே திரும்பப் போட்டாலும் செக்யூர் ஃபோல்டர் போன்ற வசதிகள் வராது.

சாவி தவறான கைக்குப் போனால்?

2016-ல் நடந்ததைப் பாருங்கள். 'காட்லெஸ்' என்ற தீம்பொருள் உலகம் முழுக்க 8.5 லட்சத்துக்கும் அதிகமான போன்களைத் தாக்கியதாக ட்ரெண்ட் மைக்ரோ நிறுவனம் கணக்கிட்டது. அதில் கிட்டத்தட்ட பாதி, அதாவது சுமார் 46 சதவீதம், இந்தியாவில். டார்ச் ஆப், வைஃபை ஆப் வேடத்தில் வரும். ஸ்கிரீன் அணையும் வரை காத்திருக்கும். பிறகு சத்தமில்லாமல் போனை ரூட் செய்துவிடும். அதே ஆண்டு வெளியே தெரிந்த 'ஹம்மிங்பேட்' சுமார் 1 கோடி போன்களில் இருந்தது. சீனாவுக்கு அடுத்து இந்தியாவில்தான் அதிகம், சுமார் 13.5 லட்சம்.

அந்த போன்களின் உரிமையாளர்கள் ரூட்டைக் கேட்கவே இல்லை. பழைய ஆண்ட்ராய்டில் இருந்த ஓட்டைகள் வழியாக அது திருடர்களுக்குக் கிடைத்தது. நீங்களே ரூட் செய்த போனில் அப்படி ஓட்டை தேட வேண்டிய வேலைகூட இல்லை. அசந்த நேரத்தில் 'அனுமதி' என்று ஒரு தட்டு தட்டினால், உங்கள் ஓடிபி உட்பட எல்லாம் அதன் கையில்.

வங்கிகள் பயப்படுவது இதற்குத்தான். போன் மாற்றப்படாததா என்று ஆப்கள் சோதிக்க, கூகுள் 'ப்ளே இன்டெக்ரிட்டி' என்ற வசதியைத் தருகிறது. ரூட் தெரிந்தால் பல வங்கி, யுபிஐ ஆப்கள் திறக்காது. அதை மறைக்கும் வழிகள் உண்டு. ஆனால் இன்று வேலை செய்வது நாளை அப்டேட்டில் நிற்கலாம். டீக்கடையில் ஸ்கேன் செய்யும்போதுதான் உங்களுக்கே தெரியவரும்.

சரி, பண்ணலாமா வேண்டாமா?

முதலில் உங்களுக்கு என்ன வேண்டும் என்று எழுதிப் பாருங்கள். விளம்பரம் தொல்லையா? 2018-ல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல் 'பிரைவேட் டிஎன்எஸ்' இருக்கிறது. விளம்பரத்தைத் தடுக்கும் முகவரியை அதில் போட்டால் பெருமளவு குறையும். ஸ்கிரீன் ரெக்கார்டிங் 2020-ல் வந்த ஆண்ட்ராய்டு 11-லேயே வந்துவிட்டது. வேண்டாத ஆப்களா? கம்ப்யூட்டரோடு இணைத்து ஏடிபி கட்டளை மூலம் பலவற்றை உங்கள் கணக்கிலிருந்து நீக்கலாம். இவற்றில் எதற்கும் ரூட் தேவையில்லை.

அதையும் தாண்டி, கற்றுக்கொள்ளும் ஆசை இருக்கிறதா? தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் சம்பளம் வந்து விழும் போனில் வேண்டாம். அலமாரியில் தூங்கும் பழைய போனை எடுத்து, சிம்மைக் கழற்றி, வங்கி ஆப்களை நீக்கிவிட்டு ஆரம்பியுங்கள்.

செகண்ட் ஹேண்ட் போன் வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆன் செய்யும்போது பூட்லோடர் திறந்திருப்பதாக எச்சரிக்கை வருகிறதா என்று கவனியுங்கள். பிறகு ப்ளே ஸ்டோர் செட்டிங்ஸில் 'அபௌட்' பகுதிக்குப் போய், போன் சான்றளிக்கப்பட்டதா என்று பாருங்கள். இல்லையென்றால் முந்தைய உரிமையாளர் சாவியை மாற்றியிருக்க வாய்ப்பு உண்டு. பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.