மாத்திரை மட்டும் போதாது

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாக 1986-ஆம் ஆண்டு சென்னையில்தான் கண்டறியப்பட்டது. அன்று அது மரண தண்டனையாகவே கருதப்பட்டது. மேலைநாடுகளில் ஓராண்டுக்கு 10,000 டாலருக்கும் மேல் விற்ற கூட்டு மருந்தை 350 டாலருக்குத் தர இந்திய நிறுவனமான சிப்லா 2001-இல் முன்வந்தது. 2004 ஏப்ரல் 1-ஆம் தேதி மத்திய அரசு இச்சிகிச்சையை இலவசமாக வழங்கத் தொடங்கியது. இன்று பெரும்பாலானோருக்கு நாளொன்றுக்கு ஒரு மாத்திரை போதும். உரிய காலத்தில் தொடங்கி முறையாக உட்கொள்பவர் ஏறக்குறைய மற்றவர்களைப் போலவே நீண்ட காலம் வாழ முடியும்.

ஆயினும், உடல் தேறிய பலருக்கு மனம் தேறவில்லை. எச்.ஐ.வி.யுடன் வாழ்வோரிடையே பதற்றமும் மனச்சோர்வும் பொதுமக்களைவிட அதிகம் என்பதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டுகின்றன. உயிர் காக்கும் மருந்து கையில் இருந்தும் அச்சம் ஏன் அகலவில்லை?

நான் மருத்துவன் அல்லன், பொருளாதாரம் கற்பித்தவன். எங்கள் துறையில் ஃபிராங்க் நைட் என்னும் அறிஞர் 1921-இல் வெளியிட்ட நூலில், இடர் வேறு, நிச்சயமின்மை வேறு என்று பிரித்துக் காட்டினார். கணக்கிடக்கூடியது இடர்; கணக்கில் அடங்காதது நிச்சயமின்மை. மருத்துவம் எச்.ஐ.வி.யைக் கணக்கிடக்கூடிய இடராக மாற்றிவிட்டது. ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்பதை ஆய்வகம் எண்ணிச் சொல்லிவிடும். ஆனால், செய்தி தெரிந்தால் வீட்டு உரிமையாளர் என்ன செய்வார், மேலதிகாரி என்ன செய்வார், மகளுக்கு வரும் சம்பந்தம் நிலைக்குமா என்பதை எந்த ஆய்வகமும் சொல்லாது. பதற்றத்தின் வேர் பெரிதும் இங்கேதான் இருக்கிறது.

இந்த நிச்சயமின்மைக்கு விலையும் உண்டு. தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்று அஞ்சி, அருகிலுள்ள சிகிச்சை மையத்தை விட்டுவிட்டு வேறு மாவட்டத்துக்குச் செல்வோர் உள்ளனர். இலவச மருந்துக்காகப் பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலியும் போகின்றன. உறவினர் வீட்டில் தங்கினால் மாத்திரையை ஒளித்து வைக்க வேண்டும். ஒளிக்க இடமில்லாத நாளில் வேளை தவறும். அடிக்கடி தவறினால் வைரஸ் பெருகும். மருந்துக்குக் கட்டுப்படாத நிலையும் உருவாகலாம். அச்சம் நோயை வளர்க்கிறது. நோய் அச்சத்தை வளர்க்கிறது. வறுமையைப் பற்றிப் பாடநூல்கள் கூறும் நச்சுச் சுழல் இதற்கும் பொருந்தும்.

சில வேளைகளில் மருந்தும் காரணமாகலாம். நெடுங்காலம் முதல்நிலை மருந்தாக இருந்த எஃபவிரென்ஸ் சிலருக்குக் கொடுங்கனவு, தூக்கமின்மை, பதற்றம் ஆகியவற்றைத் தந்தது. அதனிடத்தில் இப்போது டோலுடெக்ராவிர் வந்துள்ளது. அதிலும் சிலருக்குத் தூக்கம் கெடலாம். அவ்வாறானால் தாமாக மருந்தை நிறுத்தாமல் மருத்துவரிடம் கூறுவதே முறை. மருந்து தட்டுப்பாடும் அமைதியைக் குலைக்கும். 2022-இல் மருந்து போதிய அளவில் கிடைக்கவில்லை எனத் தில்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அலுவலகத்தின் முன் நோயாளிகள் போராடியதை மறந்துவிட முடியாது.

என்ன செய்யலாம்? வைரஸ் அளவைச் சோதிப்பதுபோல மனநிலையையும் குறித்த இடைவெளியில் மதிப்பிட வேண்டும். கடந்த இரு வாரங்களைப் பற்றிய ஏழு எளிய வினாக்களைக் கொண்ட மதிப்பீட்டுத் தாள் உலகெங்கும் பயன்பாட்டில் உள்ளது; அதை நிரப்பச் சில நிமிடங்களே ஆகும். பயிற்சி பெற்ற ஆலோசகர் அதைக் கையாளலாம். தேவைப்படுவோரை மனநல மருத்துவரிடம் அனுப்பலாம். உடல்நிலை சீராக உள்ளவர்களுக்குப் பல மாத மருந்தை ஒருசேர வழங்கினால் அலைச்சலும் அச்சமும் ஒருங்கே குறையும்.

இன்னோர் உண்மையையும் ஊரறியச் சொல்ல வேண்டும். சிகிச்சையால் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அந்நிலை நீடிக்கும்போது, உடலுறவின் வழியாகத் தொற்று பிறருக்குப் பரவுவதில்லை. உலக சுகாதார நிறுவனமும் இதை ஏற்றுக்கொண்டுள்ளது. தம்மால் துணைவருக்குத் தீங்கு நேருமோ என்று நாள்தோறும் மருகுவோர்க்கு இதைவிட ஆறுதல் தரும் செய்தி வேறில்லை.

2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. வேலை, கல்வி, வாடகை வீடு, சிகிச்சை ஆகியவற்றில் பாகுபாடு காட்டுவதை அது தடை செய்கிறது. மாநிலங்கள் குறைதீர்ப்பாளரை நியமிக்க வேண்டும் என்றும், நூறு அல்லது அதற்கு மேற்பட்டோரைக் கொண்ட நிறுவனங்கள் புகார் அலுவலரை அமர்த்த வேண்டும் என்றும் கூறுகிறது. வேலையும் வீடும் பறிபோகா என்ற உறுதியைத் தருவதே இச்சட்டத்தின் பயன். அதன் பெயரையே அறியாதவருக்கு அந்த உறுதி எப்படிக் கிடைக்கும்? ஒவ்வொரு சிகிச்சை மையத்தின் சுவரிலும் அதன் சாரம் தமிழில் எழுதப்பட வேண்டும்.

மருந்தின் விலையை அறிவியலும் அரசும் சேர்ந்து குறைத்துவிட்டன. அச்சத்தின் விலையைக் குறைக்கும் பொறுப்பில், வீட்டை வாடகைக்கு விடுபவருக்கும், வேலை தருபவருக்கும், சம்பந்தம் பேசுபவருக்கும் பங்கு உண்டு.