புரோக்கருக்கு 30 ஆயிரமா? வீட்டை நீங்களே விற்கலாம்!

கரியாலூர்:
கல்வராயன் மலையில் வீடு விற்கப் போறீங்களா? "பார்ட்டி ரெடி, ரெண்டு பர்சென்ட் கொடுத்துடுங்க" என்று புரோக்கர் வந்து நிற்பார். 15 லட்ச ரூபாய் வீட்டுக்கு 2 சதவீதம் என்றால் முழுசாக 30 ஆயிரம் காலி!

அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்க வழி இருக்கிறது. வாசலில் 'வீடு விற்பனைக்கு' என்று போர்டு வையுங்கள். டீக்கடையிலும் சந்தையிலும் சொல்லி வையுங்கள். கள்ளக்குறிச்சி ஆட்களுக்கும் தெரியணுமா? பேப்பரில் வரி விளம்பரம் போதும்.

பதிவுத்துறை இணையதளத்தில் வழிகாட்டி மதிப்பையும் வில்லங்கத்தையும் காசில்லாமல் பார்க்கலாம். மாதிரிப் பத்திரமும் அங்கேயே கிடைக்கிறது. ஆனால், வழிகாட்டி மதிப்புதான் சந்தை விலை என்று ஏமாந்துவிடாதீர்கள். பக்கத்து வீடு என்ன விலைக்குப் போச்சு என்று விசாரியுங்கள்.

கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம். பதிவுக் கட்டணம் 2023 ஏப்ரல் முதல் 2 சதவீதம். இரண்டையும் வாங்குபவர் கட்டுவதே வழக்கம். முன்கூட்டியே பேசி முடியுங்கள்.

உஷார்! அட்வான்சாக 20 ஆயிரம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரும். பேங்க் மூலமாகவே வாங்குங்கள்.

உங்களுடையது அரசு ஒப்படை பட்டாவா? முதலில் நிபந்தனையைப் படியுங்கள். அதை மீறி விற்றால் பட்டாவே ரத்தாகலாம். சந்தேகமா? வக்கீலிடம் காட்டுங்கள்.

"அலைச்சல் எதுக்கு, பவர் எழுதிக் கொடுங்க" என்பார்கள். கையெழுத்துப் போட்டால் விற்கும் உரிமை அவர் கைக்குப் போய்விடும். கமிஷன் போனால் சம்பாதிக்கலாம், வீடு போனால்?