உங்களுக்குத் தெரியுமா? சேதனச் சான்றிதழுக்கும் மானியம் உண்டு!

தண்ணீரூற்றுக் கமக்காரர் கச்சானுக்கு யூரியா போடாமல் விட்டால் மட்டும் அது ‘சேதன’க் கச்சான் ஆகிவிடாது. ஐரோப்பியச் சந்தைக்கென்றால், விதைக்க முன்னரே பொதுவாக இரசாயனமின்றிப் பயிரிடும் 2 வருட மாறுகாலம் கழிந்திருக்க வேண்டும். பரிசோதகர் வந்து குறிப்பேட்டைப் புரட்டுவார். பக்கத்து வயலுக்கு மருந்தடித்த தெளிகருவி இங்கேயும் வந்ததா என்று துருவித் துருவிக் கேட்பார். அதற்கான கட்டணமும் கமக்காரர் தலையில்தான்!

அமெரிக்காவில் இந்தச் செலவைப் பங்கிட ஓர் அரசுத் திட்டம் உண்டு. 75 சதவீதம் வரை, ஆனால் சான்றிதழ்ப் பிரிவொன்றுக்கு உச்சவரம்போடு, திருப்பிக் கொடுப்பார்கள். இந்தியாவில் 2015இல் வந்த ‘பரம்பராகத் கிரிஷி விகாஸ் யோஜனா’ வேறு வழி: விவசாயிகள் குழுவாகி, ஒருவர் வயலை மற்றவரே பார்த்துச் சான்றளிப்பார்கள், உதவிப்பணம் அரசினுடையது. இலங்கையோ சேதன விவசாயத்துக்கு மாறவென 2021 மேயில் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தி, நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டது!