நீலத்தை விழுங்கும் மை

மீமிசல் கடற்கரையில் விடியலுக்குச் சற்று முன் போய் நின்றால், பாக் விரிகுடாவிலிருந்து சூரியன் ஆரஞ்சு நிறத்தில் எழுவதைப் பார்க்கலாம். அந்த நிறத்திலேயே எழுத வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் உண்டு. மை பேனா பிரியர்களில் பலருக்கு நீலமும் கறுப்பும் சலித்த பிறகு மனம் போகும் இடம் ஆரஞ்சுதான். ஆனால் புட்டியில் தணலாக ஒளிரும் மை, தாளில் வந்ததும் வெளிறிப்போகிறது. இன்னொரு மையை வாங்கினால் அது நன்றாகப் படிக்க முடிகிறது, ஆனால் பழுப்பாகத் தெரிகிறது. எந்த மையில் ஆரஞ்சு அழகாக இருக்கிறதோ அதைப் படிக்க முடிவதில்லை. எதைப் படிக்க முடிகிறதோ அதில் ஆரஞ்சு குறைகிறது. இது மை தயாரிப்பவர்களின் குறையன்று. ஒளியும் நம் கண்ணும் சேர்ந்து போட்ட முடிச்சு. அந்த முடிச்சைப் புரிந்துகொண்டவருக்கு மையைத் தேர்ந்தெடுப்பது எளிது.

சூரியனும் மையும்

வெள்ளை ஒளியில் எல்லா நிறங்களும் இருக்கின்றன. அதிலிருந்து நீலத்தையும் பச்சையின் ஒரு பகுதியையும் நீக்கிவிட்டால் மிஞ்சுவது ஆரஞ்சு. காலைச் சூரியன் இதை ஒரு வழியில் செய்கிறது, மை வேறொரு வழியில் செய்கிறது.

சூரியன் உச்சியில் இருக்கும்போது அதன் ஒளி கடந்துவரும் காற்றைவிட, அடிவானத்தில் இருக்கும்போது சுமார் 38 மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. காற்றின் மூலக்கூறுகள் குறைந்த அலைநீளமுள்ள ஒளியை அதிகமாகச் சிதறடிக்கும் என்று 1871-இல் இயற்பியலாளர் ராலே விளக்கினார். 450 நானோமீட்டர் நீலம், 600 நானோமீட்டர் ஆரஞ்சைவிட மூன்று மடங்குக்கு மேல் சிதறுகிறது. வழிநெடுக நீலம் உதிர்ந்துபோக, ஆரஞ்சும் சிவப்பும் மட்டும் நேராக வந்து சேர்கின்றன. உதிர்ந்த நீலம் எங்கும் தொலைந்துவிடுவதில்லை. வேறெங்கோ பகலாக இருக்கும் வானத்தில் அது பரவியிருக்கிறது.

மையில் உள்ள சாய மூலக்கூறோ நீலத்தைச் சிதறடிக்காமல் அப்படியே விழுங்கிவிடுகிறது. விழுங்கிய ஆற்றல் சாயத்தின் எலக்ட்ரான்களை ஒரு படி மேலே தூக்கி, பிறகு வெப்பமாக அடங்குகிறது. மீந்த ஒளி தாளில் பட்டுத் திரும்பிக் கண்ணுக்கு வருகிறது. வானம் நீலத்தைப் பங்கிட்டுக் கொடுக்கிறது, மை அதைத் தானே உண்டுவிடுகிறது. கண்ணுக்கு இரண்டும் ஒரே நிறம்.

கண் போடும் கணக்கு

படிக்க முடியாத சிக்கல் எங்கிருந்து வருகிறது? மெல்லிய எழுத்தின் ஓரங்களைக் கண் பிடிப்பது பெரும்பாலும் நிற வேறுபாட்டை வைத்து அல்ல, வெளிச்ச வேறுபாட்டை வைத்துத்தான். வெளிச்ச உணர்வில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களுக்கும் சமபங்கு கிடையாது. கணினித் திரைகளுக்கான தரக்கணக்கின்படி, வெள்ளையின் வெளிச்சத்தில் பச்சையின் பங்கு சுமார் 72 சதவீதம், சிவப்பின் பங்கு 21, நீலத்தின் பங்கு வெறும் 7.

இந்த எண்களை மைக்குப் பொருத்திப் பார்ப்போம். தாளும் திரையும் ஒன்றல்ல என்றாலும் போக்கைக் காட்ட இது போதும். நீலத்தை முழுவதுமாக எடுத்துவிட்டாலும் வெளிச்சம் 7 சதவீதம்தான் குறைகிறது. அது மஞ்சள். வெள்ளைத் தாளில் மஞ்சள் மையைப் படிக்க முடியாததன் காரணம் இதுவே. பச்சையிலும் முக்கால் பங்கை எடுத்தால் நல்ல ஆரஞ்சு கிடைக்கும். ஆனால் அப்போதும் 39 சதவீத வெளிச்சம் மிச்சம் இருக்கிறது. இணையப் பக்கங்களின் எழுத்து எல்லோருக்கும் தெளிவாகத் தெரிய, பின்னணிக்கும் எழுத்துக்கும் இடையே 4.5-க்கு 1 என்ற வெளிச்ச விகிதம் வேண்டும் என்று உலக வழிகாட்டு நெறி சொல்கிறது. நம் ஆரஞ்சுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 2.4. பச்சை மொத்தத்தையும் எடுத்துச் சுத்தச் சிவப்பாக்கினாலும் 4-ஐத்தான் தொடுகிறது.

ஆகவே தெளிவு வேண்டுமென்றால் சிவப்பிலும் கொஞ்சம் குறைக்க வேண்டும். அப்படிக் குறைக்கும்போது இன்னொரு விந்தை நேர்கிறது. வானவில்லில் பழுப்பு என்று ஒரு நிறம் கிடையாது. சுற்றியுள்ள வெளிச்சத்தைவிட மங்கிய ஆரஞ்சைத்தான் நம் மூளை பழுப்பு என்று காட்டுகிறது. எனவே ஆரஞ்சு மைகள் எல்லாம் ஒரு சரிவில் நிற்கின்றன: மேலே பிரகாசமான, படிக்கச் சிரமமான மஞ்சளாரஞ்சு, கீழே தெளிவான, செம்பு போன்ற பழுப்பாரஞ்சு. மையைத் தேர்வது என்பது அந்தச் சரிவில் எங்கே நிற்பது என்று முடிவெடுப்பது.

ஒரே மையில் இரு நிறம்

ஆரஞ்சு மையைத் தேடி மக்கள் போவதற்குப் பெரிய காரணம், ஒரே எழுத்துக்குள் அது காட்டும் நிறமாற்றம். கோடு தொடங்கும் இடத்தில் மஞ்சள், மை தேங்கி முடியும் இடத்தில் சிவப்பு. நூட்லர்ஸ் நிறுவனத்தின் 'அப்பாச்சி சன்செட்' இந்தக் குணத்துக்காகவே உலகெங்கும் பெயர்பெற்றது.

காரணம் எளிய பெருக்கல். ஒரு மெல்லிய மைப்படலம் நீலத்தில் பத்தில் ஒரு பங்கையும், பச்சையில் பத்தில் ஆறு பங்கையும், சிவப்பை அநேகமாக முழுவதையும் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். படலம் இருமடங்கு தடித்தால் நீலம் நூறில் ஒன்றாகிறது, பச்சை நூறில் முப்பத்தாறாகிறது. மும்மடங்கில் பச்சை சுமார் இருபத்திரண்டு. நீலம் முதல் படலத்திலேயே அநேகமாகத் தீர்ந்துவிட்டது. அதன் பிறகு படலம் தடிக்கத் தடிக்கக் குறைவது பச்சைதான். பச்சை குறைந்தால் மஞ்சளாரஞ்சு செவ்வாரஞ்சாகிறது. நீல மை தடித்தால் அநேகமாக அடர்நீலமாகத்தான் ஆகும். தடிப்புக்கு ஏற்ப நிறத்தையே மாற்றிக்கொள்ளும் கொடை ஆரஞ்சுக்கு அதிகம்.

அதனால்தான் மூடாமல் மின்விசிறிக்கு அடியில் வைத்த பேனா, முதல் சொல்லைச் சிவப்பாக எழுதுகிறது. நிப்பில் தண்ணீர் ஆவியாகிச் சாயம் அடர்ந்திருக்கும். மூடியைப் போட்டு வைத்தால் போதும்.

சாயம் எங்கிருந்து வந்தது

1856-இல், பதினெட்டு வயது வில்லியம் பெர்க்கின் லண்டனில் ஊதா நிறச் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்தார். 1858-இல் வேதியியலாளர் பீட்டர் கிரீஸ் டயசோ சேர்மங்களை அறிவித்தார். அவற்றிலிருந்து, இரண்டு நைட்ரஜன் அணுக்கள் இரட்டைப் பிணைப்பில் கைகோத்த அசோ சாயங்கள் பிறந்தன. 1876-இல் பிரான்ஸின் சக்காரி ரூசேன் 'ஆரஞ்சு 2' என்ற சாயத்தை உருவாக்கினார். அந்த நைட்ரஜன் பாலத்தின் இருபுறமும் உள்ள வளையங்களில் எலக்ட்ரான்கள் நெடுக ஓடித் திரிவதால், சுமார் 485 நானோமீட்டர் அருகே, நீலமும் பச்சையும் சந்திக்கும் இடத்தில், ஒளியை அது வலுவாக விழுங்குகிறது. ஆரஞ்சு பிறக்க வேண்டிய இடம் சரியாக அதுதான்.

எல்லா ஆரஞ்சு மையும் ஒற்றைச் சாயத்தால் ஆனதல்ல. மஞ்சளையும் சிவப்பையும் கலந்தும் செய்வார்கள். கலவை என்றால் ஆயுள் கேள்விக்குள்ளாகிறது. சிவப்பு மைகளில் நெடுங்காலம் பயன்பட்ட ஈயோசின் வெயிலில் விரைவில் வெளுக்கும். வான்கோ தீட்டிய சில ஓவியங்களில் இளஞ்சிவப்புகள் வெளுத்துப்போனதும் இந்தச் சாயத்தால்தான். கலவையில் சிவப்பு முதலில் மறைந்தால் எழுத்து மஞ்சளாகும். மஞ்சள் எழுத்து மறைந்ததற்குச் சமம். நம் முன்னோர் கடுக்காயின் டானினையும் அன்னபேதியின் இரும்பையும் சேர்த்துக் காய்ச்சிய கறுப்பு மை தாளின் நாரோடு ஒட்டி நிலைத்தது. ஆரஞ்சிடம் அந்த உறுதியை எதிர்பார்க்கக் கூடாது. பத்திரம், காசோலை, சான்றிதழ் எதிலும் அதைப் பயன்படுத்தாதீர்கள்.

உங்கள் மை எந்த வகை என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. வெள்ளைச் சாக்பீஸின் அடிப்பகுதிக்குச் சற்று மேலே ஒரு துளி மையை வைத்து, துளி நனையாதபடி நுனியை மட்டும் தண்ணீரில் நிறுத்துங்கள். தண்ணீர் மேலே ஏறும்போது சாயங்கள் தனித்தனி வேகத்தில் ஏறும். ஒரே பட்டையாக நின்றால் ஒற்றைச் சாயமாக இருக்கலாம்; மஞ்சளும் சிவப்பும் பிரிந்தால் கலவை. பள்ளி ஆசிரியர்கள் மாணவர்களோடு ஒரு வகுப்பில் செய்துபார்க்கத் தக்கது இது.

விளக்கு மாறினால் எழுத்து மாறும்

பகல் வெளிச்சத்தில் தெளிவாக இருந்த ஆரஞ்சு, மஞ்சள் பல்பின் கீழே மங்குகிறதா? அந்த விளக்கில் நீலம் குறைவு. மை விழுங்குவதற்கு இரை இல்லை. தாளே ஆரஞ்சுச் சாயலில் தெரிவதால் எழுத்துக்கும் தாளுக்கும் வேறுபாடு சுருங்கிவிடுகிறது. பழைய மஞ்சள் சோடியம் தெருவிளக்கின் ஒளி 589 நானோமீட்டர் அருகே குவிந்திருக்கும். அதன் கீழே மஞ்சளாரஞ்சு எழுத்து ஏறத்தாழ மறைந்தே போகும். நேர்மாறாக, நீல விளக்கை மட்டும் போட்டால் அதே எழுத்து கறுப்பாக எழுந்து நிற்கும். இரவில் எழுதுகிறவர்கள் வெள்ளை எல்இடி விளக்கின் கீழே மையைச் சோதித்து வாங்குவது நல்லது.

கடலோரத்தில் எந்தப் பேனா

மையில் பெரும்பங்கு தண்ணீர்தான். அதோடு சாயம், உலராமல் காக்கும் கிளிசரின் போன்ற பொருள், தாளில் சீராக இறங்க உதவும் பொருள், பூஞ்சையைத் தடுக்கும் பொருள் ஆகியவை சிறிது சிறிது. மீமிசல் போன்ற கடலோர ஊரில் காற்றில் ஈரம் அதிகம், எழுத்து உலர நேரம் பிடிக்கும். ஈரம் ஏறிய மலிவுத் தாளில் ஓரங்கள் கசியும். அங்கே மை தாராளமாக ஓடும் தடித்த நிப்பைவிட நடுத்தர நிப்பு ஏற்றது. நிறமாற்றத்தை ரசிக்க விரும்புவோர் வழுவழுப்பான, மையை உடனே உறிஞ்சாத தாளைத் தேடுங்கள்.

தமிழ்நாட்டில் பேனாவுக்குப் பஞ்சமில்லை. சென்னை பாரிமுனையின் ஜெம் அண்ட் கோ, திருவள்ளூரின் ரங்கா ஆகிய பெயர்கள் எபொனைட் என்ற கடின ரப்பரால் ஆன பேனாவின் பிரியர்களுக்குப் பழக்கமானவை. மையை நேரடியாக உடலுக்குள் ஊற்றும் இவ்வகைப் பேனாவில் மை குறைந்ததும், கைச்சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து ஒரு சொட்டைக் கக்கும். கால்வாசி மிச்சம் இருக்கும்போதே நிரப்பிவிடுங்கள். உடல் கண்ணாடி போல் தெளிவாக உள்ள பேனாவில் சிவப்பேறிய ஆரஞ்சை நெடுநாள் விட்டால் கறை தங்கலாம். மை மாற்றும்போது நிப்பையும் அதன் அடியில் உள்ள வரிக்கட்டையையும் வெறும் தண்ணீரில், தண்ணீர் தெளியும்வரை கழுவுங்கள்.

என் தீர்ப்பு

கடிதம், நாட்குறிப்பு, பக்கம் பக்கமாக எழுதும் வேலை என்றால் செம்புச் சாயல் கொண்ட ஆழ்ந்த ஆரஞ்சு வாங்குங்கள். டயமைனின் 'ஏன்ஷியன்ட் காப்பர்' அந்த வகை. நிறத்துக்கும் தெளிவுக்கும் நடுவே நிற்க விரும்பினால், பைலட் நிறுவனம் 2007-இல் தொடங்கிய இரோஷிசுகு வரிசையின் 'யூ-யாகே' நல்ல தொடக்கம்; ஜப்பானியரின் அந்தி வான நிறம் அது. விடைத்தாள் திருத்தவும், அச்சுப்படியில் குறியிடவும், அடிக்கோடிடவும் பளிச்சென்ற மஞ்சளாரஞ்சு போதும். அங்கே எழுத்து குறைவு, கண்ணில் படுவதுதான் வேலை. எதை வாங்கினாலும் ஒரு தாளில் சில வரிகள் எழுதி, பாதியை அட்டையால் மூடி, சன்னலோர வெயிலில் சில வாரம் வையுங்கள். வெளுக்கும் வேகம் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

இந்தியாவில் மை செய்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 1934-இல் சுதேசி உணர்வில் பிறந்த வங்காளத்தின் சுலேகா மீண்டும் மை தருகிறது. கேரளத்தின் கிருஷ்ணா புதுப்புது நிறங்களைச் செய்கிறது. நிறத்தின் பெயரோடு, அது வெயிலை எவ்வளவு தாங்கும், தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்பதையும் புட்டியின் மேல் அச்சிடுங்கள். வாங்குகிறவர் காசு கொடுப்பது நிறத்துக்கு மட்டுமல்ல, அந்த நிறத்தில் எழுதிவைத்த சொல்லின் ஆயுளுக்கும்தான்.