மேளம் ஏறிய வள்ளம்

ஆனி மாதம் சோளகம் எழுந்து அடிக்கிற மாதம். குறிகட்டுவானுக்கும் நயினாதீவுக்கும் நடுவில் கிடப்பது சின்னக் கடல்தான். ஆனால் அந்தக் காற்றில் அதுவும் பெரிய கடலின் குணத்தைக் காட்டும். நாகபூசணி அம்மனுக்குக் கொடியேறுவதும் அதே ஆனியில். எழுபதுகளில் சிறுவனாக இறங்குதுறையில் நான் காத்து நின்றது அம்மனுக்காக அல்ல, அவள் பொறுத்துக்கொள்ளட்டும், மேளகாரருக்காக. தவில்கள் உறையோடு கைமாறிக் கரைக்கு வரும். நாயனத்தை மட்டும் எவர் கையிலும் கொடுக்க மாட்டார்கள். அது வித்துவானின் மடியில், துண்டுக்குள், உப்புக்காற்றுப் படாமல் வரும். சீவாளிக் கொத்து இடுப்பு மடிப்பில் இருக்கும்.

ஒரு செற் என்றால் ஆறு பேர். இரண்டு நாயனம், இரண்டு தவில், ஒருவர் ஒத்து, ஒருவர் தாளம். தாளம் பெரும்பாலும் ஒரு பையனிடம் இருக்கும். வித்துவானின் மகனாகவோ மருமகனாகவோ இருப்பான். இரவு இரண்டு மணிக்குத் தூங்கி விழுந்து, முதுகில் ஒரு தட்டு வாங்கி, மறுபடி தாளத்துக்கு வருவான். அவனுடைய பள்ளிக்கூடம் அதுதான்.

அந்த நாளில் ஒரு திருவிழாவுக்கு ஒரு செற்றோடு நின்றுவிட மாட்டார்கள். நேற்றைய உபயகாரர் மூன்று கூட்டு மேளம் பிடித்தால் இன்றையவருக்கு நான்காவது வேண்டும். தீவார் கொழும்பிலும் தென்பகுதிப் பட்டினங்களிலும் கடை வைத்திருந்தவர்கள். வருசம் முழுக்கக் கல்லாவில் இருந்தவர் திருவிழாவுக்கு ஊர் வந்தால், அவர் எவ்வளவு உழைத்தார் என்பதை ஊர் மேளத்தைக் கொண்டுதான் கணக்குப் பார்க்கும். இணுவிலில் பிறந்த தவில் மேதை தட்சணாமூர்த்தி 1975இல் மறையும் வரைக்கும், "தவில் ஆர்?" என்பதுதான் முதல் கேள்வி. நாயனம் ஆர் என்பது அடுத்தது. அளவெட்டி என்.கே. பத்மநாதனின் பெயர் நோட்டீசில் இருந்தால் அந்த வரிசை கொஞ்சம் மாறும். ஆக, செற்றின் தலைவர் நாயனக்காரர் என்பது ஒழுங்கு. ஆளைக் கூட்டுகிறவர் தவில்காரர் என்பது நடைமுறை. இந்த இரண்டு தலைமைக்கும் இடையிலான உரசலில்தான் நல்ல சமாக்கள் பிறந்தன என்று நான் நினைக்கிறேன்.

சம்பளம் என்ற சொல் அங்கே இல்லை. பேச்சுக்காசுதான். அச்சவாரம் வாங்கிப் பேசி முடிப்பதும், காசை வாங்கிப் பிரிப்பதும் செற்றின் பெரியவர். எவருக்கு எவ்வளவு என்பது அவர் மனதில் இருந்த கணக்கு. கேட்டவரும் இல்லை, எழுதி வைத்தவரும் இல்லை. அதோடு வேட்டி, சால்வை, வாசிப்பில் சொக்கிப்போன ஒருவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுக்கிற நோட்டு. ஒத்துக்காரருக்கு அந்த நோட்டும் கிடையாது. இரவு முழுக்க ஒரே சுருதியை மூச்சு அறாமல் ஊதிக்கொண்டிருந்த அந்த மனிதரின் பெயரை இந்த ஊரில் ஒருவர்கூட நினைவு வைத்திருக்கவில்லை. நானும்தான்.

ஆனால் ஒன்று: அவர்கள் தங்கினார்கள். வள்ளம் ஏறி வந்த செற் அன்றிரவே திரும்ப முடியாது. ஊரில் ஒரு வீடு ஒதுக்கிக் கொடுப்பார்கள். பகலில் அந்த வீட்டுத் திண்ணையில் சாதகம் நடக்கும். வேலிக்கு வெளியே நின்று நாங்கள் கேட்போம். கோயில் வீதியில் கேட்டதைவிட அங்கே கேட்டதுதான் எனக்கு அதிகம். ஒதுக்கிய வீடு எது, எந்தப் பந்தியில் சாப்பாடு, எந்தச் செம்பில் தண்ணீர் என்பதற்குள் சாதி இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வீதியில் கைதட்டிய அதே கைகள்தான் செம்பைத் தள்ளி வைத்தன. தமிழ்நாட்டில் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை சட்டை போட்டுக்கொண்டு, மேடை கேட்டு, தன் விதிப்படி வாசித்த காலத்துக்குப் பிறகும் எங்கள் பக்கத்தில் பல இடங்களில் மேளகாரர் மண்ணில்தான் நின்றார்கள்.

வாத்தியக்காரர் படுகிற அவமானம் நமக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம். பெர்லினில் பில்ஸே என்ற முதலாளியின் வாத்தியக் குழு இருந்தது. வார்சோவுக்குக் கச்சேரிக்குப் போக அவர் நான்காம் வகுப்பு ரயிலில் ஏறச் சொன்னார். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் விலகி, 1882இல் தாங்களே ஒரு குழுவைத் தொடங்கினார்கள். அதுதான் பெர்லின் ஃபில்ஹார்மோனிக். இன்றைக்கும் தலைமை நடத்துநரை வாத்தியக்காரர்களே வாக்குப் போட்டுத் தெரிவு செய்கிறார்கள். 2015இல் கிரில் பெத்ரென்கோவைத் தெரிவு செய்தது அப்படித்தான். நூற்றுக்கு மேற்பட்டவர்கள் கூடித் தங்கள் தலைவரைத் தெரிவு செய்கிற இடம் அது. ஆறு பேர் கொண்ட நமது செற்றில் அந்தக் கேள்வியே எழுந்ததில்லை. அமெரிக்காவிலோ, ஆள் எடுக்கும்போது திரைக்குப் பின்னால் நின்று வாசிக்கச் சொல்கிறார்கள், யாருடைய பிள்ளை என்று தெரியக் கூடாதாம். நம்மிடம் யாருடைய பிள்ளை என்பதுதான் முதல் தகுதி. சிகாகோ சிம்பொனி வாத்தியக்காரர்கள் 2019இல் ஓய்வூதியத்துக்காக ஏழு வாரமளவில் வேலைநிறுத்தம் செய்தார்கள். நமது ஒத்துக்காரருக்கு இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

1990, 91இல் தீவுகள் இராணுவத்தின் கைக்குப் போயின. ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவுப் பக்கத்துச் சனம் பெட்டி படுக்கையோடு பெயர்ந்தது. கொடியேறாத கோயில்கள் எத்தனையோ. 1995 ஒக்ரோபரில் வலிகாமமும் இடம்பெயர, மேளகாரர் குடும்பங்கள் தவிலையும் நாயனத்தையும் தூக்கிக்கொண்டு தென்மராட்சிக்கும் வன்னிக்கும் நடந்தன. பிறகு சிலர் கடல் கடந்தார்கள். இந்தப் பத்தியை இதற்குமேல் நீட்ட எனக்கு மனமில்லை.

இன்றைக்கு இறங்குதுறையில் நின்றால் முதலில் கண்ணில் படுவது தவிலின் இரும்பு வளையம். வார் பிடித்து இழுத்துக் கட்டிய காலம் போய், சாவி போட்டு முறுக்குகிறார்கள். கடற்காற்றில் தோல் தளர்ந்தால் இரண்டு நிமிட வேலை. இது நல்ல மாற்றம், நான் எதிர்க்கவில்லை. அடுத்தது, ஒத்துக்காரர் இல்லை. அவர் இடத்தில் சோப்புப் பெட்டி அளவில் ஒரு சுருதிப்பெட்டி. மூச்சும் வாங்காது, சோறும் கேளாது. ஆறு பேர் ஐந்தானார்கள், ஒரு குடும்பத்தின் வருமானம் போனது. அதைப் பற்றி எங்கும் ஒரு கூட்டம் நடக்கவில்லை.

காசு கூடியிருக்கிறது, மறுக்க முடியாது. கொழும்புக் கடைக்குப் பதிலாக இப்போது சுவிஸ், கனடா, பாரிஸ். உபயகாரர் தொலைபேசியில் பேசுகிறார், காசு வங்கிக்கு வருகிறது. பெரும்பாலான இடங்களில் வாசிப்பவர்கள் மேடையில் நாற்காலியில் இருக்கிறார்கள், மற்றவர்களோடு பந்தியில் சாப்பிடுகிறார்கள். பெயர் பெற்றவர்கள் லண்டன், ரொறன்ரோக் கோயில்களுக்குப் போய் வருகிறார்கள். அவர்களுடைய அப்பாமார் இதைக் கனவிலும் கண்டிருக்க மாட்டார்கள்.

ஆனால் தீவு இப்போது அவர்களுக்கு நட்டக் கணக்கு. யாழ்ப்பாணத்தில் காலையில் ஒரு கோயில், மாலையில் இன்னொன்று என்று வான் பிடித்து ஓடலாம். இடையில் கலியாண வீடும் உண்டு. நயினாதீவுக்கு வந்தால் கடைசிப் படகைப் பார்த்துக்கொண்டே வாசிக்க வேண்டும். நெடுந்தீவென்றால் போகவே ஒரு மணித்தியாலம். காற்றுப் பிழைத்தால் மறுநாளும் அங்கேதான். ஒரு நாள் தீவுக்குப் போனால் இரண்டு நாள் வேலை போகிறது. எனவே பேசும்போது பெரிய பெயர், வரும்போது வேறு ஆள்.

சில வருசத்துக்கு முன் எங்கள் குடும்ப உபயத்தில் இதுதான் நடந்தது. நோட்டீசில் அடித்த வித்துவானுக்குப் பதில் மாணவர் ஒருவர் வந்தார். "ஐயாவுக்குச் சுகமில்லை அண்ணை," என்றார். ஐயா அன்று கரையில் இன்னொரு கோயிலில் வாசித்ததைப் பிறகு அறிந்தேன். கோபம் வந்தது. வந்த தம்பி ஒன்றும் மோசமில்லை, தோடியில் கால் மணித்தியாலம் நின்றான். ஆனால் மணியைப் பார்த்துப் பார்த்து நின்றான்.

லண்டனில் இதே வியாதி இருந்தது. ஒத்திகைக்கு ஒருவர் வருவார், கச்சேரிக்கு வேறொருவர். ஹென்றி வுட் என்ற நடத்துநர் பதிலாள் அனுப்புவதைத் தடை செய்தார். வாத்தியக்காரர் நாற்பதுக்கு மேற்பட்டோர் விலகி, 1904இல் லண்டன் சிம்பொனியைத் தொடங்கினார்கள். அங்கே இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது. ஒரே இடத்துக் கூலியில் அவர்கள் வாழ முடியாது. மாறிக்கொண்டிருக்கும் ஆட்களை வைத்து நடத்துநர் இசை செய்யவும் முடியாது. எங்கள் ஐயாவின் மீது எனக்கிருந்த கோபம் இதைப் படித்த பிறகுதான் தணிந்தது. முழுதாக அல்ல.

அடுத்த ஆனிக்குக் காசு அனுப்பப் போகிற உபயகாரருக்கு ஒரு வேண்டுகோள். பேச்சுக்காசை மட்டும் கூட்ட வேண்டாம். செற் ஓரிரவு தங்க ஒரு வீடு, மின்விசிறியோடு, பாயோடு, ஒழுங்கு செய்து கொடுங்கள். போகிற நாளின் கூலியையும் சேர்த்துப் பேசுங்கள். தாளம் போடுகிற பிள்ளையின் பெயரையும் நோட்டீசில் அடியுங்கள்.