பழைய கம்பளிப் பின்னலில் நாய்க்குட்டிக்கு ஒரு குளிராடை

வட இந்தியச் சமவெளிகளில் இரவின் வெப்பநிலை 4 சென்டிகிரேடு பாகைக்கோ அதற்கும் கீழோ இறங்குமாயின், வானிலைத் துறையினர் அதனைக் குளிர் அலை என அறிவிக்கின்றனர். மாடுகளின் முதுகில் சாக்கைத் தைத்து, ‘ஜூல்’ என்ற பெயரால் போர்த்துவது அப்பகுதிக் குடியானவர் நெடுங்காலமாக அறிந்த முறையாகும். ஆனால் வீட்டுத் திண்ணையில் சுருண்டு கிடக்கும் சிறு நாயைப் பற்றி எண்ணுவோர் சிலரே. தெருநாய்களில் பெரும்பாலானவை மழைக்கால முடிவில் இணைகின்றன. கருக்காலம் ஏறத்தாழ 63 நாட்களாதலால், குட்டிகள் குளிரின் தொடக்கத்திலேயே பிறந்துவிடுகின்றன. அவற்றுள் பல தை மாதத்தைக் காண்பதில்லை.

உருவம் சிறுக்கச் சிறுக்க உடல் விரைவில் குளிர்வது ஏன்? பக்கம் 20 சென்டிமீட்டர் உள்ள ஒரு கனசதுரத்தையும் 10 சென்டிமீட்டர் உள்ள மற்றொன்றையும் ஒப்பிட்டால், சிறியதற்கு அதன் பருமனை நோக்க இருமடங்கு மேற்பரப்பு இருப்பது விளங்கும். வெப்பம் வெளியேறுவது மேற்பரப்பின் வழியாகவே. வளர்ந்த நாயின் உடல்வெப்பம் 38 முதல் 39 பாகை வரை இருக்கும். பிறந்த குட்டிக்கோ முதல் வாரத்தில் 35, 36 பாகையே உண்டு. நடுங்கி வெப்பம் உண்டாக்கும் ஆற்றலும் அப்போது அதற்கு இல்லை. எனவே இரண்டு வாரம் நிரம்பாத குட்டிக்கு ஆடை அணிவித்தல் கூடாது. தாயின் மடியே அதற்கு ஆடை. பழைய கம்பளியைப் படுக்கையாக இடுவதே தக்கது; அதன் கீழே வைக்கோலும் சாக்கும் பரப்பினால் தரையின் குளிர் ஏறாது. குட்டியின் நகம் சிக்காதபடி படுக்கைக் கம்பளியில் தளர்ந்த கண்ணிகள் இல்லாதிருத்தல் வேண்டும்.

கம்பளி உடலைச் சூடாக்குவதில்லை. உடல் உண்டாக்கிய வெப்பத்தைக் காக்கிறது. சுருண்ட இழைகளுக்கிடையே அசையாது நிற்கும் காற்றே உண்மையான போர்வை. நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு எளிதில் வெப்பத்தைக் கடத்துவதால், நனைந்த ஆடை ஆடையின்மையினும் கேடானது. கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை உறிஞ்சியும் ஈரமாகத் தோன்றாது. செயற்கை இழையான அக்ரிலிக்குக்கு அக்குணம் இல்லை. கடையில் மலிவாகக் கிடைப்பவற்றுள் பல அக்ரிலிக்கே. ஒரு நூலைக் கொளுத்திப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். கம்பளி முடி கருகும் நாற்றத்துடன் எரிந்து, விரலில் பொடியாகும் சாம்பலைத் தரும். அக்ரிலிக் உருகிக் கெட்டி மணியாகும். கணப்புச் சட்டியருகே படுக்கும் நாய்க்கு இப்பின்னது ஆபத்தானது. இச்சோதனையை ஆசிரியர் தாமே செய்து காட்டலாம். வெந்நீர் நிரப்பிய மூன்று புட்டிகளில் ஒன்றை உலர்ந்த கம்பளியாலும் ஒன்றை நனைந்த கம்பளியாலும் சுற்றி, மூன்றாவதை வெறுமனே விட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பமானியால் அளக்கச் செய்தால், மாணவர் எளிதில் மறவார்.

ஆடைக்கு ஸ்வெட்டரின் கையே போதுமானது. நாயின் கழுத்துச் சுற்றளவு, முன்னங்கால்களுக்குப் பின்னே மார்புச் சுற்றளவு, கழுத்தடியிலிருந்து வாலடி வரை நீளம் ஆகிய மூன்றையும் அளவு நாடாவால் எடுக்கவேண்டும். கையைத் தோளருகே வெட்டினால், மணிக்கட்டுப் பகுதி கழுத்துப் பட்டையாகிவிடும். இரண்டு விரல் எளிதில் நுழையாவிடில் அப்பட்டையை நீக்கிவிடுவதே நலம். கழுத்து விளிம்பிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி, மார்புப் பக்கத்தில் கால்களுக்கு இரு துளைகள் வேண்டும். இங்கேதான் பெரும்பாலோர் அவசரப்படுகின்றனர். பின்னல் துணி ஒன்றோடொன்று கோத்த கண்ணிகளால் ஆனது. ஒரு கண்ணி அறுந்தால் அடுத்தடுத்தவை ஏணிப்படி போல் அவிழ்ந்துகொண்டே செல்லும். ஆகவே துளையின் வட்டத்தை முதலில் இரு வரிசை நெருங்கிய தையலால் அடைத்து, பின்னரே உட்புறத்தை வெட்டி, விளிம்பைக் காஜாத் தையலால் முடித்தல் வேண்டும். துளை சற்றுப் பெரிதாக இருந்தால் கால் இடுக்கு உராயாது. வயிற்றுப் பக்கம் முதுகைவிடக் குறுகியிருக்கவேண்டும். ஆண் நாய்க்கு வயிற்றின் நடுவரையில் வளைத்து வெட்டாவிடில் சிறுநீரால் ஆடை நனையும்.

தையலில் பழக்கமில்லாதார்க்கு வேறொரு வழி உண்டு. தூய கம்பளி ஸ்வெட்டரைச் சோப்பு கலந்த வெந்நீரில் கசக்கித் துவைத்தால், இழைகளின் மேலுள்ள நுண்செதில்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள, துணி சுருங்கிக் கெட்டியாகும். வெட்டினாலும் பின்னர் அவிழாது. படுக்கைக்கும் இதுவே ஏற்றது. சுருங்கிய பின்னரே அளவெடுக்கவேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? பெரிய நாய்க்குக் குழந்தைகளின் ஸ்வெட்டர் உடற்பகுதி பொருந்தும், முறை ஒன்றே.

பொத்தானும் நாடாவும் வேண்டா. தொங்கும் நூலை நாய் கடித்து விழுங்கினால் அது குடலைச் சுருக்கி அறுக்கும். அறுவை சிகிச்சையின்றிப் பிழைப்பது அரிது. ஆகவே நாளுக்கொருமுறை ஆடையைக் கழற்றி, நூல் பிரிந்துள்ளதா, தோல் சிவந்துள்ளதா எனப் பார்த்தல் வேண்டும். மலைநாட்டுக் காவல் நாய்களைப் போல் அடர்ந்த ஈரடுக்கு மயிர் உடையவற்றுக்கு ஆடை தேவையில்லை.

களப்பணியாளர் அறியவேண்டிய அடையாளம் ஒன்று உண்டு. நடுங்கிக்கொண்டிருந்த குட்டி நடுக்கம் நின்று சோர்ந்து கிடந்தால், குளிர் நீங்கியது எனக் கொள்ளலாகாது. உடல்வெப்பம் அபாய அளவுக்குத் தாழ்ந்தது என்பதே பெரும்பாலும் அதன் பொருள். இரக்கத்தால் உடனே பால் புகட்டுவோர் பலர். குளிர்ந்த குடலில் பால் செரியாது. புரையேறி நுரையீரலுக்குள் செல்லவும் கூடும். மார்போடு அணைத்தோ, துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியின் அருகே வைத்தோ, மெல்ல மெல்லச் சூடேற்றிய பின்னரே பால் தரவேண்டும். உடன் கால்நடை மருத்துவரிடம் சேர்ப்பித்தல் நன்று.

பருவம் முடிந்ததும் ஆடையைத் துவைத்து, நல்ல வெயிலில் உலர்த்தி, காய்ந்த வேப்பிலையுடன் காகிதத்தில் பொதிந்து வைக்கலாம். அந்துப்பூச்சிக்கு அஞ்சி நாப்தலின் உருண்டை இடுவது வழக்கமாயினும், அது நாய்க்கு நஞ்சாதலால் இவ்வாடைக்கு ஆகாது.